ஆடி முதல் நாளும் ஒரு தேங்காயும்

ஆடி 1 பெரும்பாலும் ஜூலை 17-ஆம் தேதி வரும். சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்னதாகவும் வரும். அரசு விடுமுறைப் பட்டியலில் இந்த நாளுக்கு இடம் இல்லை. தேர் இல்லை, ஊர்வலம் இல்லை, புதுத்துணிகூடக் கட்டாயம் இல்லை. ஆனாலும் சேலம், நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகள் அன்று பள்ளி விட்டு வந்ததும் புத்தகப் பையைப் போட்டுவிட்டு நேரே தேடுவது ஒரு தேங்காயைத்தான். அதற்குப் பெயர் தேங்காய் சுடும் பண்டிகை.

நம் குடியிருப்பில் சென்னை, மதுரை, திருநெல்வேலி என்று பல ஊர்க்காரர்கள் இருக்கிறோம். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். "தேங்காயை உடைப்பார்கள், துருவுவார்கள், அதை ஏன் சுட வேண்டும்?" என்று கேட்பது நியாயமே. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கோ இது பழகிப்போனது என்பதால், அதன் பின்னால் உள்ள வரலாற்றைப் பற்றி யோசிக்க வாய்ப்பு வந்திருக்காது. இரண்டு தரப்பினருக்கும் சேர்த்தே இந்தக் கட்டுரை.

செய்முறை

முதல் வேலை தேய்ப்பது. மட்டை உரித்த தேங்காயின் நாரையெல்லாம் பிய்த்து எடுத்துவிட்டு, சொரசொரப்பான கல்லிலோ சிமெண்ட் தரையிலோ தேய்க்க வேண்டும். ஓடு வழவழப்பாகும் வரை விடக்கூடாது. சின்னக் கைகளுக்கு இது ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். யாருடைய தேங்காய் அதிகம் மின்னுகிறது என்று பிள்ளைகளுக்குள் போட்டியே நடக்கும். இது வெறும் அலங்காரத்துக்காக மட்டும் செய்வதல்ல. நார் ஒட்டியிருந்தால் அது முதலில் பற்றி எரியும். ஓடு ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் சூடே ஏறாது.

அடுத்தது கண் திறப்பது. தேங்காய்க்கு மூன்று கண் உண்டு. அவற்றில் ஒன்றுதான் மென்மையானது, முளை வெளியே வரும் வழி அது. மற்ற இரண்டும் கெட்டியாக இருக்கும். எந்தக் கண் மென்மையானது என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பதே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. துளை போடுவது மட்டும் பெரியவர்கள் வேலை. உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு பங்கை ஊற்றி எடுத்துவிட வேண்டும். முழுத் தண்ணீரோடு சுட்டால் நீராவி போக வழியில்லாமல் காய் வெடித்துவிடும். உள்ளே போடும் பண்டங்களுக்கும் இடம் வேண்டுமே.

பிறகு நிரப்புவது. பொடித்த வெல்லம், அவல், பொட்டுக்கடலை, பாசிப்பருப்பு, எள் ஆகியவற்றைக் கலந்து, அந்தச் சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். சில வீடுகளில் பச்சரிசியும் ஏலக்காயும் சேரும். நிரம்பியதும் பட்டை சீவி, நுனி கூராக்கிய குச்சியைத் துளையில் இறுக்கிச் செருக வேண்டும். அழிஞ்சி மரத்துக் குச்சி இதற்குப் பேர்போனது. அந்தக் குச்சியே மூடி, அதுவே கைப்பிடி. தேங்காய்க்கும் குச்சிக்கும் மஞ்சள் பூசினால் வேலை முடிந்தது.

கடைசியில் சுடுவது. வீட்டு முன்னால் காய்ந்த ஓலையையும் விறகையும் மூட்டி, சுற்றி நின்று, குச்சியைத் திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். ஓடு கறுத்து வெடிப்பு விடும்போது ஒரு சத்தம் கேட்கும், வெல்லமும் தேங்காயும் வெந்த வாசனை வரும். அதைப் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்தால், உள்ளே பருப்பும் அவலும் தேங்காய்த் தண்ணீரில் வெந்து பூரணமாகியிருக்கும். புதுமணத் தம்பதியருக்கு இது தலை ஆடி. பெண் வீட்டுக்கு அழைக்கப்பட்ட மாப்பிள்ளையும் பிள்ளைகளோடு குந்தித் தேங்காய் சுடுவார்.

பண்டிகையின் எல்லை எது?

இந்தப் பண்டிகை நடக்கும் ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் ஆகிய நான்கு மாவட்டங்களிலும் ஆடி 1 அன்று தேங்காய் சுடுகிறார்கள். நாமக்கல் 1997-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. ஈரோடு 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. கரூர் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தது. அதாவது இந்த வழக்கம் மூன்று பழைய மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. நிர்வாக எல்லை எதற்கும் அது கட்டுப்படவில்லை.

அதைக் கட்டிவைப்பது காவிரி. மேட்டூர், பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று ஆறு போகும் வழியை ஒட்டித்தான் இந்தப் பண்டிகையும் போகிறது. சேலம் நகரம் காவிரிக் கரையில் இல்லையே என்று கேட்கலாம். ஏற்காடு மலையில் பிறந்து சேலத்தின் நடுவே ஓடும் திருமணிமுத்தாறு, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து நஞ்சை இடையாறு அருகே காவிரியில்தான் கலக்கிறது. நாமும் அந்த ஆற்றின் பிள்ளைகளே.

ஆடியில் காவிரிக்குத் தண்ணீர் வருவது தென்மேற்குப் பருவமழையால். குடகு மலையில் பெய்யும் மழை இந்த மாதத்தில்தான் வெள்ளமாக இறங்கும். 1925-இல் கட்டத் தொடங்கி 1934-இல் முடிந்த மேட்டூர் அணை அந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்தது. அதற்கு முன்னால் ஆற்றில் நுரையோடு வந்த புதுத்தண்ணீரே மக்களுக்கு ஆடி பிறந்ததைச் சொன்னது. ஆடி 1-இல் வீட்டு வாசலில் தேங்காய், ஆடி 18-இல் ஆற்றங்கரையில் பெருக்கு. இரண்டும் ஒரே கொண்டாட்டத்தின் தொடக்கமும் முடிவும்.

இதே காவிரியின் மறுகோடியில், தஞ்சை, கும்பகோணம் பக்கம், ஆடிப்பெருக்கு அன்று பிள்ளைகள் சின்னச் சின்ன மரச் சப்பரங்களை ஜோடித்து ஆற்றங்கரைக்கு இழுத்துப் போவார்கள். மேற்கே தேங்காய், கிழக்கே சப்பரம். இரண்டு ஊர்களிலும் புதுத்தண்ணீரை வரவேற்கும் வேலையில் ஒரு பங்கு பிள்ளைகள் கையில் இருக்கிறது.

பதினெட்டு நாள் கணக்கு

ஏன் தேங்காய் சுடுகிறோம் என்று எந்த அம்மாயியைக் கேட்டாலும் ஒரே கதைதான் வரும். பாரதப் போர் ஆடி 1-இல் தொடங்கி ஆடி 18-இல் முடிந்தது, தர்மம் ஜெயிக்க வேண்டும் என்று மக்கள் வேண்டிக்கொண்டு தேங்காய் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைத்தார்கள் என்பார்கள்.

கணக்கு சரியாகவே இருக்கிறது. மகாபாரதப் போர் 18 நாள் நடந்தது, ஆடி 1 முதல் ஆடி 18 வரையும் 18 நாள். ஆனால் வடமொழிப் பாரத மரபில் போர் நடந்தது மார்கழியை ஒட்டிய காலத்தில். போர்க்களத்தில் கீதை சொல்லப்பட்ட நாளாகக் கீதா ஜெயந்தியைக் கொண்டாடுவதும் மார்கசீர்ஷ மாதத்தில்தான். ஆக, நம் ஊர்க்காரர்கள் தங்களிடம் ஏற்கெனவே இருந்த ஓர் ஆடி 1-ஐயும் ஆடி 18-ஐயும் பாரதத்தோடு பொருத்திக்கொண்டார்கள் என்று நினைப்பதே பொருத்தமாகப் படுகிறது. திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் வேரூன்றிய மண்ணில் அது இயல்பாக நடந்திருக்கும். இன்றும் ஆடி 18 அன்று மேட்டூர்க் காவிரிக்குப் போனால், சுற்றுவட்டாரக் கிராமத்தினர் தங்கள் குலதெய்வத்தின் கத்தியையும் ஈட்டியையும் கொண்டுவந்து கழுவுவதைப் பார்க்கலாம். போர் முடிந்து ஆயுதம் கழுவும் காட்சி போலவே இருக்கும்.

உள்ளே இருக்கும் நிலம்

கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தேங்காய்க்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேங்காயும் வெல்லமும் ஆற்றுப் பாசனத்தின் விளைச்சல். பரமத்தி வேலூர் வட்டாரத்தில் தென்னையும் கரும்பும் வாழையும் வெற்றிலையும் செழிப்பதற்கு ராஜவாய்க்கால் ஒரு காரணம். அதை வெட்டியவர் என்று மக்கள் நினைவில் நிற்பவர் அல்லாள இளைய நாயக்கர். அவருக்கு ஜேடர்பாளையத்தில் நினைவிடமும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் உள்ள பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலச் சந்தையை வியாபாரிகள் எல்லாருக்கும் தெரியும்.

எள்ளும் பயறும் அப்படி அல்ல. அவை வாய்க்கால் தண்ணீர் எட்டாத மானாவாரிக் காட்டில், வானத்தை நம்பி விதைப்பவை. அவல் நெல்லிலிருந்து வருகிறது. நஞ்சையும் புஞ்சையும் ஒரே ஓட்டுக்குள் ஒன்றாக வேகின்றன. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சொல்லும் மாதத்தின் முதல் நாளில், நிலம் தந்ததையெல்லாம் ஒரு பிடி எடுத்துப் படைத்துவிட்டு அடுத்த விதைப்பைத் தொடங்கியிருக்கிறார்கள். வயலையே பார்க்காத நம் பிள்ளைகளுக்கு இந்த மாவட்டத்தின் விவசாயத்தைச் சொல்லிக் கொடுக்க இதைவிட எளிய பாடம் கிடைக்காது.

சின்னக் கைகளின் வேலை

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், கொடைக்கானலிலும் இருந்தார். தேய்ப்பது, ஊற்றுவது, தானியத்தைக் கரண்டியால் மாற்றுவது, துளைக்குப் பொருத்தமான கட்டையைச் செருகுவது போன்ற வேலைகளே குழந்தையின் விரலையும் கவனத்தையும் பழக்கும் என்பது அவர் முறை. இன்று நம் பகுதியிலேயே மாண்டிசோரி பெயர்ப்பலகை வைத்த மழலையர் பள்ளிகளுக்குக் கட்டணம் கட்டி அனுப்புகிறோம்.

தேங்காய் சுடும் நாளை இப்போது நினைத்துப் பாருங்கள். தேய்ப்பது, தடவிக் கண்டுபிடிப்பது, சிந்தாமல் ஊற்றுவது, விரல் நுனியால் அவலைத் துளைக்குள் தள்ளுவது, குச்சியை இறுக்குவது என்று எல்லாமே அதில் இருக்கின்றன. நெருப்பிடம் எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்ற பாடம் கூடுதல்.

தேங்காயின் மூன்று கண் உலகத்தின் வேறு கோடியிலும் குழந்தைகளோடு சேர்ந்த விஷயம்தான். மூன்று துளையும் ஒரு முகம் போலத் தெரிந்ததால், போர்த்துக்கீசிய மாலுமிகள் அதற்குக் குழந்தைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டியின் பெயரான 'கோக்கோ' என்பதை வைத்தார்கள். ஆங்கிலத்தில் நாம் சொல்லும் 'கோகனட்' அங்கிருந்து வந்தது.

தெருவிலிருந்து அடுக்குமாடிக்கு

சேலம் 1866-இல் நகராட்சியானது, 1994-இல் மாநகராட்சியானது. இதற்கு இடையில் ஊர் எவ்வளவோ வளர்ந்தும் பண்டிகை அழியாமல் இருந்ததற்குக் காரணம் தெரு. குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை போன்ற பகுதிகளில் வீட்டுக்கு முன் திண்ணை, திண்ணைக்கு முன் தெரு. தேய்க்கக் கல் இருந்தது, தீ மூட்ட இடம் இருந்தது, பார்த்துக்கொள்ளப் பாட்டிகள் இருந்தார்கள்.

அடுக்குமாடியில் அந்த மூன்றும் ஒரே வீட்டில் கிடைப்பதில்லை. வழவழப்பான டைல்ஸில் தேங்காய் தேயாது. பால்கனியிலும் மொட்டை மாடியிலும் தீ மூட்டக் கூடாது, அந்த விதி சரியானதே. அதனால் நார் நீக்கி மெருகேற்றிய தேங்காயைக் கடையில் வாங்கி, வீட்டுக் கேஸ் அடுப்பில் அம்மாவே சுட்டுக் கொடுத்துவிடுகிறார். பிள்ளைக்குக் கிடைப்பது கடைசியில் சாப்பிடும் பங்கு மட்டும். பூரணம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பண்டிகையின் பெரும்பகுதி சாப்பிடுவதற்கு முன்பே நடந்து முடிகிறது. தேய்க்கும் அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் மிஞ்சுவது ஓர் இனிப்பு. அடுத்த தலைமுறைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் கை பழகியிருக்காது. மந்திரமோ புத்தகமோ இல்லாத பண்டிகை இது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனால்தான் இருக்கும்.

ஆகவே செயற்குழுவின் பரிசீலனைக்கு ஒரு யோசனை. தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் மின்மாற்றிக்கும் தள்ளியிருக்கும் திறந்த மூலையில், ஆடி 1 மாலை 5.30 முதல் 7 மணி வரை எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு தீ. பக்கத்தில் மணல் வாளியும் தண்ணீர் வாளியும். பிள்ளைக்கு ஒரு தேங்காய், நீளமான குச்சி, ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு பெரியவர். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். சாம்பல் ஆறிய பிறகு தோட்டத்துக்குப் போகட்டும்.

தேய்ப்பதை மட்டும் அன்று மாலைக்கு வைக்க வேண்டாம். வண்டி இறங்கும் சாய்தளத்தின் ஓரத்தில் சிமெண்ட் நல்ல சொரசொரப்பு. வண்டிப் போக்குவரத்து இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு வாரம் முன்பிருந்தே தினம் கால் மணி நேரம் பிள்ளைகளை அங்கே உட்கார வைக்கலாம். வெளியூரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளும் சேரட்டும். எப்படிச் செய்வது என்று தெரிந்த தாத்தா பாட்டிகள் நம் மூன்று பிளாக்கிலும் இருக்கிறார்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆனி மாதக் கடைசிக்குள் சங்க அலுவலகத்தில் சொன்னால், அழிஞ்சிக் குச்சிகளை மொத்தமாக வாங்கி வைத்துவிடலாம்.