வீரன் என்று யார் சொல்ல வேண்டும்?
சுந்தரலிங்கம் பெயரும் 1997ஆம் ஆண்டும்



நினைவுச் சொற்பொழிவு என்பது மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டுக் கலைந்துபோகும் கூட்டமாக இருந்துவிடக் கூடாது. யாரை நினைக்கலாம், யாரை நினைக்கக் கூடாது என்பதற்கே வெட்டும் குத்தும் நடக்கிற சமூகத்தில் நாம் வாழ்கிறோம். ஆகவே ஒரு படைவீரனின் பெயரை ஒட்டி நடந்த சண்டையையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு வரும் அரசுப் பேருந்துகளில் ‘தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம்’ என்று எழுதியிருக்கும். விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கழகம் அது. 1993இல் தென்னார்க்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது நம் மாவட்டத்துக்கு வைத்த பெயர் ‘விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம்’. 1997இல் இந்த இரண்டு பெயர்களும் போய்விட்டன. பள்ளிப் பிள்ளைகளாக இருந்த எங்களுக்கு, பேருந்தில் பெயின்ட் அடித்து எழுத்தை மாற்றியது மட்டும்தான் தெரிந்தது. ஏன் மாற்றினார்கள் என்று வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. காரணம் இங்கிருந்து வெகு தெற்கே, விருதுநகரில் இருந்தது.

1997 மே மாதத்தில், விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு புதிய போக்குவரத்துக் கழகம் ஒன்றைத் தமிழக அரசு தொடங்கியது. அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. இன்றைய தூத்துக்குடி மாவட்டம் கவர்னகிரியில் பிறந்தவர், கட்டபொம்மனின் படைத்தளபதி, 1799இல் கும்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தபோது வடிவு என்ற பெண்ணுடன் சேர்ந்து வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்து மாண்டவர் என்று மக்கள் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். தேவேந்திரகுல மக்களில் பிறந்தவர்.

அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று தேவர் சமூகத்தில் ஒரு பகுதியினர் கிளம்பினார்கள். பேருந்துகள் தாக்கப்பட்டன. தென் மாவட்டங்களில் கலவரம் பரவியது, உயிர்கள் போயின. சில மாதங்களுக்குள் அரசு ஒரு முடிவுக்கு வந்தது. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுத்தால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும் என்பதால், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை நீக்கிவிட்டது. பெரியார் பெயர் போனது. சென்னையில் டாக்டர் அம்பேத்கர் பெயரில் இருந்த போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் போனது. ஒரு தலித் படைவீரனின் பெயரை ஏற்பதைவிட, எல்லாப் பெயர்களையும் அழிப்பது அரசுக்குச் சுலபமாக இருந்தது.

அதே கோடையில், ஜூன் 30ஆம் தேதி, மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பேருந்தில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களை வழிமறித்துச் செய்த கொலை அது. ஒதுக்கீட்டுத் தொகுதியில் நின்று வென்றதுதான் அவர் செய்த குற்றம். இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள். ஆனால், பேருந்தின் மேல் பெயர் இருந்தாலும் ஊராட்சி நாற்காலியில் ஆள் இருந்தாலும் பொறுக்க முடியாத மனநிலை ஒன்றுதான்.

இப்போது ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம். சுந்தரலிங்கத்தின் பெயரை மறுத்தவர்கள் என்ன காரணம் சொன்னார்கள்? படைவீரன் ஒருவனை வீரன் என்று கொண்டாடக் கூடாது என்று சொல்வதற்கு நியாயமான காரணங்கள் இருக்கவே செய்கின்றன. அவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

முதல் காரணம், அவன் செய்த செயல். சென்னை மவுண்ட் ரோட்டில் கர்னல் நீலின் சிலை பல பத்தாண்டுகள் நின்றது. 1857 கிளர்ச்சியின்போது அலகாபாத்திலும் கான்பூரிலும் சிக்கியவர்களையெல்லாம் தூக்கில் போட்ட சென்னைப் படை அதிகாரி அவன். ஆங்கிலேயருக்கு வீரன், நமக்குக் கொலைகாரன். 1927இல் தொண்டர்கள் அந்தச் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடத்திச் சிறை சென்றார்கள். பத்தாண்டு கழித்து, 1937இல், இராஜாஜி அமைச்சரவை அதை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. அங்கே வாதம் இருந்தது: இவன் செய்தது இது, ஆகவே இவனுக்குச் சிலை கூடாது.

இரண்டாவது காரணம், அவன் நின்ற பக்கம். மராட்டியத்தின் பீமா கோரேகானை எடுத்துக்கொள்வோம். 1818 ஜனவரி 1 அன்று, கும்பெனியின் பம்பாய்ப் படையைச் சேர்ந்த சுமார் 800 பேர் பேஷ்வாவின் பெரும்படையை எதிர்த்து நின்றார்கள். அவர்களில் கணிசமானவர்கள் மகர்கள். அங்கே எழுப்பப்பட்ட தூணில் உள்ள 49 பெயர்களில் 22 மகர்களுடையவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1927 ஜனவரி 1 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் அந்தத் தூணுக்குச் சென்று அஞ்சலி செலுத்தினார். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டவர்கள் எப்படி வீரர்கள் ஆவார்கள் என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2018இல், இருநூறாம் ஆண்டு நினைவுக்குக் கூடியவர்கள் மீது தாக்குதல் நடந்தது, ஓர் உயிர் போனது. அதைத் தொடர்ந்த வழக்கில் எழுத்தாளர்களும் செயல்பாட்டாளர்களும் ஊபா சட்டத்தில் சிறை சென்றார்கள். நம் திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சாமி 2021இல் காவலில் இருந்தபடியே மும்பையில் இறந்தார்.

கோரேகான் கேள்விக்கு நம்மிடம் பதில் உண்டு. பேஷ்வா ஆட்சியில் தீண்டாமையின் கீழ் நசுங்கியவர்களுக்கு அந்த ஆட்சி எப்படிச் சொந்த நாடாகும்? கும்பெனியும் நமக்கு நண்பன் இல்லை. காரியம் முடிந்ததும், ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாட்டைச் சொல்லி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். சென்னைப் படையில் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றிய பறையர்களுக்கும் இந்தக் கோட்பாட்டால் கதவுகள் அடைபட்டன. படை நடத்தத் தமிழன் லாயக்கில்லை என்ற எண்ணத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர், சென்னைப் படைக்கே தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ்.

மறுபடியும் சுந்தரலிங்கத்துக்கு வருவோம். அவர் செய்த செயலில் குற்றம் கண்டார்களா? இல்லை. தவறான பக்கம் நின்றார் என்றார்களா? அதுவும் முடியாது. கும்பெனியை எதிர்த்து நின்றவர் அவர். கோரேகானில் கும்பெனிக்காகப் போரிட்டவன் துரோகி. பாஞ்சாலங்குறிச்சியில் கும்பெனியை எதிர்த்து மாண்டவன் பெயரில் பேருந்து ஓடக் கூடாது. எந்தப் பக்கம் நின்றாலும் தலித்துக்கு வீரன் என்ற பெயர் மறுக்கப்படுகிறது என்றால், மறுப்புக்குக் காரணம் போர்க்களத்தில் இல்லை.

இதற்கு வேறு சாட்சி தேவையில்லை, அன்றைய பேருந்துகளே போதும். திருநெல்வேலியில் கட்டபொம்மன் பெயரிலும், காரைக்குடியில் மருதுபாண்டியர் பெயரிலும், திருச்சியில் தீரன் சின்னமலை பெயரிலும் போக்குவரத்துக் கழகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1799இல் கயத்தாற்றிலும், 1801இல் திருப்பத்தூரிலும், 1805இல் சங்ககிரியிலும் கும்பெனியால் தூக்கிலிடப்பட்டவர்கள் அவர்கள். கட்டபொம்மன் வீரனா கொள்ளைக்காரனா என்று புத்தகம் எழுதிச் சண்டை போட்டவர்கள்கூட அவன் பெயர் எழுதிய பேருந்தில் ஏறிப் போனார்கள். அரசன் பெயரில் ஓடிய வண்டி அவனுடைய தளபதி பெயரில் ஓட முடியவில்லை. இடையில் இருந்தது சாதி ஒன்றுதான்.

இங்கே ஒரு தோழர் எழுந்து, சுந்தரலிங்கம் கதைக்கு ஆவணம் இருக்கிறதா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும், நாம் சமூகவியலும் வரலாறும் படிக்கிறவர்கள். அவர் கதை பெரும்பாலும் வாய்மொழி வழக்கிலிருந்தும் சமூக நினைவிலிருந்தும் வருகிறது. கும்பெனி அதிகாரிகள் பாளையக்காரர்களின் பெயரை எழுதினார்கள், கிஸ்தி பாக்கியை எழுதினார்கள். கோட்டைக்குள் செத்த சேரி ஆளின் பெயரை எழுதும் அக்கறை அவர்களுக்கு இருக்கவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை எல்லாரிடமும் கேட்க வேண்டும். இங்கிருந்து ஒரு மணி நேரத்தில் செஞ்சி. 1714இல் ஆற்காட்டு நவாபுடன் மோதிச் செத்த தேஜ்சிங், மக்கள் மனதில் வீரன் தேசிங்குராஜன் ஆனது கதைப்பாடலாலும் கூத்தாலும்தான். அதற்கு ஆவணம் கேட்டு யாரும் கல்லெறிந்ததில்லை.

நமக்குள்ளும் பேசிக்கொள்ள வேண்டிய சில உண்டு. மறுக்கப்பட்ட வீரனை மீட்கிறோம் என்ற வேகத்தில், இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்லக் கூடாது. வாய்மொழியை வாய்மொழி என்றே சொல்வோம், அதில் நமக்கு வெட்கமில்லை. பொய் ஆவணம் ஒன்று பிடிபட்டால் உண்மையான நினைவும் சேர்ந்து அடிபடும்.

அடுத்தது, வடிவு. தீயில் இரண்டு பேர் பாய்ந்ததாகத்தான் கதை. பேருந்துக்கு வைத்தது ஒரு பெயர். அந்த இன்னொரு பெயரை நாமும் கேட்கவில்லை.

மூன்றாவது, வாள் பிடித்தவனை மட்டுமே முன்னோராகத் தேடும் ஆசை. நாங்களும் ஆண்டவர்கள், ஆகவே மற்ற ஒடுக்கப்பட்டவர்களோடு எங்களைச் சேர்க்காதீர்கள் என்று பேசும் குரல்கள் இன்று வலுத்திருக்கின்றன. ஒரு சமூகம் தனக்கு வேண்டிய பெயரைக் கேட்டுப் பெறுவது அதன் உரிமை. 2021இல் ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரில் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தை அப்படித்தான் பார்க்கிறோம். ஆனால் வீரம் இருந்ததால்தான் மரியாதை என்று ஒப்புக்கொண்டால், ஏர் பிடித்தவருக்கும், பறை அடித்தவருக்கும், மலம் அள்ள நிர்ப்பந்திக்கப்பட்டவருக்கும் மரியாதை இல்லை என்று நாமே கையெழுத்துப் போடுகிறோம். மேலவளவு முருகேசன் எந்தப் படையிலும் இல்லை. ஊராட்சித் தலைவர் என்ற நாற்காலிக்காக உயிரைக் கொடுத்தார். அதைவிடப் பெரிய வீரம் எது?

மாணவ நண்பர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்து முடிக்கிறோம். நம் விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, மரக்காணம் பகுதிச் சேரிகளில் பட்டாளத்துக்குப் போய் வந்த தாத்தாக்களின் வீடுகள் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியில் பதக்கமும், பணிச்சான்றும், மங்கிப்போன புகைப்படமும் கிடக்கும். போய்ப் பாருங்கள். அவர் எந்தப் போருக்குப் போனார் என்று கேளுங்கள். ஊருக்குத் திரும்பியபோது டீக்கடையில் எந்தக் குவளை கொடுத்தார்கள், ஊர்த் தெருவில் சைக்கிளில் போக விட்டார்களா என்றும் கேளுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே, பெயர், ஊர், தேதி போட்டு எழுதிவையுங்கள்.

பேருந்தில் எழுதிய பெயரை ஒரு வாளி பெயின்ட் அழித்துவிட்டது. எழுதிப் பல பிரதிகள் எடுத்துப் பல கைகளில் கொடுத்ததை அப்படி அழிக்க முடியாது.

ஜெய்பீம்.