மெல்லப் போன கப்பல்கள்

2009-இல் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். எங்கள் கண்டெய்னர்கள் சிறு கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பல் மாறி ஐரோப்பா போகும். ஒருநாள் கரூர் ஏற்றுமதிக்காரர் ஒருவர் ஆபீசுக்கே வந்துவிட்டார். “ஏனுங்க, சரக்கே இல்லை, கப்பல் சும்மா கிடக்குதுங்கறீங்க. அப்புறம் என் பெட்டி மட்டும் ஏன் ஒரு வாரம் லேட்டுங்க?”

நியாயமான கேள்வி. வியாபாரம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கம்பெனிகள் ஆர்டர் கொடுத்திருந்த கப்பல்கள், 2008 நெருக்கடிக்குப் பிறகும் கொரியத் தளங்களிலிருந்து வந்துகொண்டே இருந்தன. 500-க்கும் மேற்பட்டவை வேலையின்றி நங்கூரம் பாய்ச்சிக் கிடந்தன. சிங்கப்பூர், ஜொகூர் பக்கம் வரிசை வரிசையாக.

மீதியைச் சமாளிக்க வேகத்தைக் குறைத்தார்கள். வாரம் ஒரு கப்பல் புறப்பட வேண்டும். போய்த் திரும்ப 56 நாள் என்றால் 8 கப்பல் போதும். அதையே 70 நாளாக இழுத்தால் 10 வேண்டும். சும்மா நிற்கும் இரண்டுக்கு வேலை கிடைத்தது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தாலே நாளொன்றுக்கு எரியும் எண்ணெய் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

காகிதத்தில் போட்டுக் காட்டினேன். “எண்ணெய் மிச்சம் அவங்களுக்கு, ஒரு வார வட்டி எனக்கா?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

அத்தோடு அடங்கவில்லை. 2011-இல் மெர்ஸ்க் 18,000 பெட்டி ஏற்றும் கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். 2016 ஆகஸ்ட் கடைசியில் கொரியாவின் ஹன்ஜின் நொடித்தது. கூலி வராது என்று பல துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். கரூர்க்காரர் போன் செய்தார், தன் பெட்டி எதுவும் அதில் இல்லை என்று சொல்ல.