அற்பம் என்று பெயர் வைத்தார்கள்

செலியமேட்டில் ஓர் அலுவலகம். மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரு மதியம், அங்கிருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் எழுந்திருக்கவில்லை. ஃபிளாஷ் நினைவகம் கெட்டுவிட்டது. லேப்டாப்பையே சர்வராக்கி, ஒரு கேபிளைச் செருகி, மென்பொருளை உள்ளே அனுப்பினேன். அந்த நிலையில் ஸ்விட்சுக்குத் தெரிந்த ஒரே கோப்புப் பரிமாற்றப் பாஷை டிஎஃப்டிபி.

அதற்கு ஓர் அண்ணன் உண்டு, எஃப்டிபி. அதை எழுதியவர் அலகாபாத்தில் பிறந்த அபய் பூஷண். கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர். அவர் எம்ஐடியில் இருந்தபோது, 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட ஆர்எஃப்சி 114 என்ற நெறிமுறை ஆவணமாக அது வெளிவந்தது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் கோத்திருந்த கணினிகள் ஒவ்வொன்றும் கோப்புகளைத் தன் இஷ்டப்படி வைத்திருந்த காலம் அது. பூஷண் பொதுவான ஒரு கொடுக்கல் வாங்கல் முறையை வகுத்தார்.

ஆனால் எஃப்டிபிக்குப் பயனர் பெயர், கடவுச்சொல், பேச ஓர் இணைப்பு, சரக்குக்கு இன்னொன்று என்று எல்லாம் வேண்டும். டிஸ்க் இல்லாத கணினி, உயிர்பெறும் முன்பே, தன் சின்ன ரோம் சில்லுக்குள் இத்தனையையும் எப்படி வைத்துக்கொள்ளும்? நோயல் சியாப்பா வேண்டாததை எல்லாம் வெட்டினார். காரன் சோலின்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 783 ஆக டிஎஃப்டிபி 1981 ஜூனில் வந்தது. பெயரிலுள்ள முதல் 'டி', 'டிரிவியல்' என்பதற்கு. அற்பம்! அடக்கம் இல்லை, உண்மை: எடு, போடு, இரண்டே வேலை. கோப்புப் பட்டியல்கூடக் காட்டாது.

அது கோப்பை அனுப்பும் விதம் களத்தில் நெல் அளப்பது மாதிரி. ஒரு மரக்கால் 512 பைட். அளப்பவர் 'ஒன்று' என்று போட, சாக்குப் பிடிப்பவர் 'ஒன்று' என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் இரண்டாவது. தலைதட்டாத குறை மரக்கால் வந்தால் நெல் தீர்ந்தது என்று பொருள். சரியாகத் தலைதட்டியே தீர்ந்துவிட்டால்? வெறும் மரக்காலைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். டிஎஃப்டிபியும் காலித் துண்டு ஒன்றை அனுப்புகிறது. தாமதமாக வந்த பதிலால் ஒரு துண்டு இரண்டு முறை போனால், அதற்கப்புறம் எல்லாமே இரண்டிரண்டாகப் போகும் பிழையும் முதலில் இருந்தது. 1992-இன் ஆர்எஃப்சி 1350 அதைச் சரிசெய்தது.

துண்டுகளின் எண்ணிக்கை 65,535-ஐத் தாண்டாது என்பதால் ஆதி டிஎஃப்டிபியில் சுமார் 32 எம்பிக்கு மேல் போகாது. பெரிய துண்டுகளுக்குப் பிற்பாடு வழி வந்தது. பூட்டுக்குத்தான் வழியில்லை. எஃப்டிபி கடவுச்சொல்லை வெட்டவெளியில் அனுப்பும், டிஎஃப்டிபி கேட்கவே கேட்காது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடுபோன பிறகு, 1995-இல் தாத்து யிலோனென் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஸ்எச்சை எழுதினார். கோப்பு அனுப்பும் எஸ்சிபியும் எஸ்எஃப்டிபியும் அதன்மேல் ஓடுபவை. தினசரி வேலைக்கு அவைதான் சரி. ஆனால் ஸ்விட்ச் மூர்ச்சையாகிக் கிடக்கும்போது இன்னமும் அற்பம்தான் துணை.

அன்று மென்பொருள் ஏறிவிட்டது. ஸ்விட்சின் அமைப்புகள் அடங்கிய கான்ஃபிக் நகலை மட்டும் யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. விலேன் (நெட்வொர்க் பிரிவு) எண்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு இரவு வரை தட்டினேன். உங்கள் ஸ்விட்ச் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே கான்ஃபிக்கைச் சர்வருக்கு அனுப்பி வையுங்கள்.