நரம்புகள் விடுக்கும் எச்சரிக்கை

புற்றுநோய்க்கான சிகிச்சை நிறைவுற்றதும் நோய் முற்றாக நீங்கிவிட்டது என்றே நோயாளரும் குடும்பத்தினரும் நம்ப விரும்புகின்றனர். இது இயல்பானதே. ஆயினும், ஆண்டுகள் சில கடந்த பின்னர் பொருட்கள் இரண்டாகத் தெரிதல், முகம் மரத்துப்போதல், குரல் கம்முதல் போன்ற குறைபாடுகள் தலைகாட்டும்போது, அவற்றுக்கும் பழைய நோய்க்கும் தொடர்பிருக்கக்கூடும் எனப் பலரும் எண்ணுவதில்லை. இது குறித்து எமது வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியம் எனக் கருதுகின்றோம்.

மண்டையோட்டு நரம்புகள் 12 சோடிகளாகும். இவை மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள சிறு துவாரங்களினூடாக வெளியேறிக் கண், முகம், நாக்கு, தொண்டை முதலியவற்றைச் சென்றடைகின்றன. மார்பகம், நுரையீரல், புரஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களே பெரும்பாலும் இவ்வெலும்புப் பகுதிக்குப் பரவுகின்றன. அவ்வாறு பரவும்போது ஒடுங்கிய அத்துவாரங்களில் நரம்புகள் நெருக்குண்கின்றன.

நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் நிலைய வைத்தியர்கள் 43 நோயாளர்களை ஆராய்ந்து 1981ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, இவ்வறிகுறிகளை ஐந்தாக வகுத்தது. நோய் கண்குழியில் தங்கினால் கண்ணைச் சூழ வலியும் இரட்டைப் பார்வையும் ஏற்படும். கபச்சுரப்பியின் அருகே தங்கினால் நெற்றி வலியுடன் கண்ணசைவு குன்றும். மண்டையோட்டின் நடுக்குழியில் எனின் முகம் மரத்துப்போகும். கழுத்து நாளத் துவாரத்தில் எனின் குரல் கம்மும், விழுங்குதல் கடினமாகும். பிடரி எலும்பின் அடிக்குமிழில் எனின் ஒருபுறப் பிடரி வலியுடன் நாக்கு கோணும். பல் நோய் எதுவுமின்றி நாடியும் கீழுதடும் மரத்துப்போவதும் இத்தகையதோர் எச்சரிக்கையாக இருக்கலாம்.

இவ்வறிகுறி கண்டோர் யாவரும் அஞ்சவேண்டியதில்லை. முகவாதம் பெரும்பாலும் ஆபத்தற்ற காரணத்தாலேயே வருகின்றது. இரட்டைப் பார்வையை நீரிழிவும் உண்டாக்கும். ஆனால், முன்னர் புற்றுநோய் கண்ட ஒருவரிடம் இவை புதிதாகத் தோன்றுமாயின் தாமதிக்கலாகாது. எம்.ஆர்.ஐ., சீ.ரி. பரிசோதனைகள் நோயிருக்கும் இடத்தைக் காட்ட உதவும். முதற் பரிசோதனையில் எதுவும் தென்படாவிடினும் அறிகுறி நீடித்தால் மீண்டும் ஆராய்தல் வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை வலியைத் தணிப்பதோடு, காலத்தே அளிக்கப்படின் நரம்பின் செயற்பாட்டையும் மீட்கக்கூடும். காலம் கடந்தால் அவ்வாய்ப்புக் குறைகின்றது.

எமது சமூகங்களில் புற்றுநோயை, குறிப்பாக மார்பகப் புற்றுநோயை, மறைக்கும் வழக்கம் இன்னமும் நீங்கவில்லை. பெண்பிள்ளைகளின் திருமணப் பேச்சுத் தடைப்படும் என்ற அச்சமும் இதற்கொரு காரணமாகும். அயலாரிடம் மறைப்பது அவரவர் உரிமை. கண் வைத்தியரிடமோ பல் வைத்தியரிடமோ மறைப்பது தமக்குத் தாமே இழைக்கும் தீங்காகும். மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ முன்னர் சிகிச்சை பெற்றவர்கள், எந்த வைத்தியரிடம் செல்லினும் தமது பழைய கிளினிக் கொப்பியை உடன் எடுத்துச் செல்லவேண்டும். வைத்தியர்களும் இத்தகைய நோயாளரிடம் முன்னைய நோய் பற்றிக் கேட்டறியத் தவறலாகாது. ஒரு கேள்வியும் அதற்கான உண்மையான பதிலும் ஒருவரின் பார்வையையும் பேச்சையும் காக்கக்கூடும்.