உடன்படாதவரின் பாராட்டு

1908-இல் இருபது வயது சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் எம்.ஏ. பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு எழுதினார். வேதாந்தத்தில் ஒழுக்கநெறிக்கு இடமில்லை என்று மிஷனரிமார் சொல்லிவந்த குற்றச்சாட்டுக்கு அது பதில். அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரோ ஒரு மிஷனரி: சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். கர்மக் கொள்கையையும் கிறித்துவ மீட்பையும் எதிரெதிரே நிறுத்திக் கல்லூரி இதழிலேயே தொடர் எழுதியவர். அவர் மனம் புண்படுமோ என்று மாணவருக்கு அச்சம். கிடைத்ததோ உயர்ந்த பாராட்டு. அதே ஆண்டில் ஏடு நூலாகவும் அச்சேறியது. அறிவார்ந்த எழுத்துக்கு உடன்படாதவர் தரும் மதிப்புக்குத்தான் எடை அதிகம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. வாத்தியாரின் இயல்பான கருணைதானே அது என்று தள்ளிவிடலாமா? கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு 1937-இல் தாம்பரத்துக்கு வந்தபோது முதல்வர் அதே ஹாக்தான். மறு ஆண்டு டிசம்பரில் அங்கே உலக மிஷனரி மாநாடு கூடியது. பிற சமயங்களைக் கிறித்துவத்திலிருந்து அடியோடு பிரித்துப் பேசிய டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமரை, அம்மாநாட்டு விவாதத்தில் ஹாக் மறுத்து எழுதினார். முப்பது ஆண்டு கழித்தும் நிற்பதைக் கருணை என்று சொல்ல முடியாது. அது கொள்கை.

உடன்படாதவரைப் போலவே துறைக்கு வெளியே நிற்பவரின் பாராட்டுக்கும் எடை உண்டு. தாம்பரத்துக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால், குரோம்பேட்டையில், சி. ராஜம் 1949-இல் தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இருக்கிறது. 1950-களில் அங்கே தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்று தமிழில் எழுதி முதல் பரிசு வாங்கினார் அப்துல் கலாம். பரிசைத் தந்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன், துப்பறியும் சாம்புவைப் படைத்த நகைச்சுவை எழுத்தாளர். விமானத்துக்கும் சாம்புவுக்கும் என்ன சம்பந்தம் என்று பொறியாளர் கேட்கலாம். கணக்கையும் வரைபடத்தையும் சரிபார்க்கத் துறை இருக்கிறது; துறைக்கு வெளியே நிற்பவனுக்கும் விளங்குகிறதா என்று பார்ப்பது வேறு சோதனை. தமிழ்ச் சங்கத்தின் போட்டி மாணவனை நிறுத்தியது அந்த இரண்டாம் சோதனையின் முன்னால்.

ராதாகிருஷ்ணன், கலாம் இருவருமே பின்னாளில் குடியரசுத் தலைவர்கள். பேர் பெற்றவர்களாகப் பொறுக்கிக்கொண்டு வாதாடுவது நியாயமா? கேள்வி சரிதான். பரிசு வாங்கி மறக்கப்பட்டவர்களின் தாள்களும் கிடைத்தால்தான் கணக்கு முழுமையாகும். ஆனால் பாராட்டியவர்கள் கையில் அன்று இருந்தது மாணவனின் ஜாதகமல்ல, அவன் எழுதிய தாள் மட்டுமே. மாற்றுக் கருத்தை மெச்சினால் தன் கருத்து தளர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஹாக்கிடமே பதில் இருக்கிறது. மாணவரைப் பாராட்டிய மறு ஆண்டே, 1909-இல், கர்மம் பற்றிய தம் கட்டுரைகளை அவர் நூலாக்கி வெளியிட்டார்.