ரப்பர் அச்சு வகுத்த வீரன்

நாட்டிங்ஹாம் என்றால் பலருக்கும் ராபின் ஹூட்தான் நினைவுக்கு வருவார். மேசை விளையாட்டுப் பிரியர்களுக்கோ அது ஈய வீரர்களின் ஊர். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத கவச வீரர்களைக் கையால் வடித்து, உலோகத்தில் வார்த்து விற்கும் நிறுவனங்கள் அங்கே பெருகியதால், அந்தப் பகுதிக்கு ‘ஈய வட்டாரம்’ என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

கதை தொடங்குவது அமெரிக்காவில். 1971ல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரெனும் இடைக்காலப் போர் விளையாட்டுக்கு விதிநூல் ஒன்றை வெளியிட்டார்கள். அதன் பின்னிணைப்பில் டிராகன்களும் மந்திரவாதிகளும் நுழைந்தார்கள். 1974ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கற்பனை விளையாட்டு வந்தது. சரித்திர வீரர்களின் உருவங்கள் கடையில் கிடைத்தன. பூதங்களுக்கு எங்கே போவது? டைனோசர் பொம்மைகளைத் திருத்தி டிராகன் ஆக்கினார்கள். ஹாங்காங்கில் செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மைகள் சில, அந்த விளையாட்டின் புகழ்பெற்ற அரக்கர்களுக்கே மூல வடிவம் ஆயின.

தேவை இருக்கும் இடத்தில் தொழில் முளைக்கும். 1975ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ரால் பார்த்தா என்ற உருவ நிறுவனம் தொடங்கியது. சிற்பி டாம் மையரின் நுணுக்கமான கைவேலைதான் அதன் பெயரை நிலைநாட்டியது. இங்கிலாந்தில், எழுபதுகளின் இறுதியில், பிரையன் ஆன்செல் முன்னின்று நியூவர்க் நகரில் சிட்டடெல் மினியேச்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1983ல் வெளிவந்த ‘வார்ஹேமர்’, சிட்டடெலின் உருவங்களை விற்பதற்காகவே பிறந்த விளையாட்டு என்று சொன்னால் பெரிய தவறில்லை.

சிற்பியின் மூலப்பொருள் ஆடம்பரமானது அல்ல. நீலமும் மஞ்சளுமாக இரண்டு பட்டைகள். பிசைந்தால் பச்சையாகும் எபாக்சி புட்டி. நம் ஊரில் குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீலுக்கு உறவுக்காரன்தான். மெல்லிய கம்பியை வளைத்து எலும்புக்கூடு செய்து, தக்கையில் செருகி, அதன்மேல் புட்டியை அப்புகிறார்கள். பல் மருத்துவரின் கருவிகளே இங்கும் கருவிகள். ஒட்டாமலிருக்க அவற்றை அவ்வப்போது தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். சங்கிலிக் கவசம் வேண்டுமா? ஊசிமுனையால் வரிசை வரிசையாகக் குத்திக்கொண்டே போக வேண்டும், அதுவும் புட்டி இறுகுவதற்குள். கைக்குக் கிடைப்பது ஓரிரு மணி நேரம். ஒரு பகுதி கெட்டியான பிறகே அடுத்த பகுதியில் கை வைக்கலாம். இல்லாவிட்டால் முகத்தைச் செதுக்கும்போது தோள்பட்டையில் கட்டைவிரல் ரேகை பதிந்துவிடும்.

இப்படிப் பாடுபட்டுச் செய்த மூலச் சிற்பம் அச்சு எடுக்கும்போது பல நேரம் உடைந்தே போகும். இரண்டு ரப்பர் வட்டுகளுக்கு இடையே அதை வைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் பதப்படுத்துவார்கள். பிறகு சுழலும் அச்சின் நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றினால், அது ஓரங்களிலுள்ள குழிகளுக்குப் பாய்ந்து நிரம்பும். அந்தக் கால வீரர்கள் பலர் கைகளைப் பக்கவாட்டில் விரித்துத் தட்டையாக நிற்பதற்குக் காரணம் இதுதான். இரு பாதியாகப் பிரியும் அச்சிலிருந்து உருவம் கிழியாமல் வெளியே வர வேண்டுமே! வாள் தடித்ததற்கும் காரணம் உண்டு: மெல்லிய வாளில் உலோகம் முழுதாகப் பாயாது, பாய்ந்தாலும் கைபட்டதும் வளைந்துவிடும். பெரிய தலையும் பருத்த கைகளும் தூரத்திலிருந்து பார்க்கவும் வண்ணம் தீட்டவும் வசதி. கற்பனை வீரனின் தோரணையில் பாதிக்கு மேல் அச்சுப்பட்டறை போட்ட கட்டளை.

இந்தத் தொழிலின் வரலாற்றில் ஆலன், மைக்கேல் பெர்ரி என்ற இரட்டையரைத் தவிர்க்க முடியாது. சிட்டடெலுக்காகப் பல ஆண்டுகள் உருவங்களை வடித்தவர்கள். 1996ல் பிரான்சின் கிரெசியில் பழைய போரை நடித்துக் காட்டும் நிகழ்ச்சியில் பீரங்கி விபத்து ஏற்பட்டு, மைக்கேல் தன் வலக்கையை இழந்தார். வலக்கைப் பழக்கமுள்ள சிற்பி அவர். இடக்கையால் வேலை செய்யப் பழகிக்கொண்டு மீண்டும் புட்டியைத் தொட்டார். 2001ல் சகோதரர்கள் சொந்தமாகவே நிறுவனம் தொடங்கினார்கள்.

மாற்றங்கள் அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தன. ஈயம் உடலுக்குக் கேடு என்ற அச்சத்தால் தொண்ணூறுகளில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக ஈயமில்லாத கலவைக்கு மாறின. வெள்ளீயம் கூடியதால் விலையும் கூடியது. பின்னர் பிளாஸ்டிக், ரெசின், அதற்கும் பின் கணினித் திரை. திரையில் வடிக்கிறவருக்குப் புட்டி இறுகிவிடுமோ என்ற கவலை இல்லை. ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். நுணுக்கம் கூடியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் ஒரு பெர்ரி வீரனையும் ஒரு மையர் வீரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது யார் கைவண்ணம் என்று பழைய ரசிகர் சொல்லிவிடுவார். திரையில் பிறந்தவற்றில் அது அத்தனை சுலபமில்லை.

பழைய உருவங்களுக்குச் சந்தை இன்னும் இருக்கிறது. 2024ல் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் அந்தப் பழைய வார்ஹேமர் உலகம் திரும்பியபோது, புதிய பிளாஸ்டிக் வீரர்களோடு, கையால் வடிக்கப்பட்ட உலோக வீரர்கள் சிலரும் மீண்டும் வார்க்கப்பட்டு விற்பனைக்கு வந்தார்கள்.