‘யெஸ்’ கொடுத்து வாங்கிய தமிழ்

2000-ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில் கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் இணையம் பார்க்க நெய்வேலி டவுன்ஷிப்புக்கோ விருத்தாசலத்துக்கோ பஸ் ஏறிப்போவது வழக்கம். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். தமிழ்ப் பத்திரிகைத் தளம் ஒன்றைத் திறந்தால் சில நேரம் தமிழே வராது. தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ரோமன் எழுத்துகள் வரிவரியாகக் கொட்டும். கூடவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி எழும்: இந்த நிறுவனத்தின் நிரலை நிறுவி இயக்கலாமா? கீழே யெஸ், நோ. இன்னும் கீழே, இந்த நிறுவனத்தை எப்போதும் நம்பு என்று டிக் அடிக்க ஒரு சின்னக் கட்டம். மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது யார் நோ சொல்வார்கள்?

தமிழ் இணைய வாசகர்களில் பலருக்கு, உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் துணைநிரலான பிளக்-இன் அறிமுகமானது இப்படித்தான். யூனிகோடில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணக் கணினியில் அது வேலைக்கு ஆகவில்லை. அதுவரை பத்திரிகைக்கு ஒரு ஃபான்ட், ஃபான்டுக்கு ஒரு குறியேற்றம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்ற குறியேற்றத் தரங்களையும் ஒரு விசைப்பலகையையும் முன்வைத்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் டிஸ்கி என்ற வேறொரு குறியேற்றத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்தக் குழப்பத்தில் வாசகரை ஃபான்ட் இறக்கச் சொல்லாமல் பக்கத்தோடு சேர்த்தே எழுத்தை அனுப்ப இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்று இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கான மைக்ரோசாஃப்டின் இஓடி. மற்றொன்று பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக். இது நெட்ஸ்கேப் உலாவியில் நேராக ஓடியது. எக்ஸ்ப்ளோரரில் ஓட ஆக்டிவ்எக்ஸ் என்ற வகை நிரல் ஒன்று தேவைப்பட்டது. சாம்பல் பெட்டி கேட்டது அதற்குத்தான்.

ஆக்டிவ்எக்ஸ் நிரலுக்கு வேலி கிடையாது. உட்கார்ந்திருப்பவர் அந்தக் கணினியில் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் அதுவும் செய்யலாம்; விண்டோஸ் 98-இல் அப்படியென்றால் எல்லாமே. பாதுகாப்புக்கு மைக்ரோசாஃப்ட் நம்பியது டிஜிட்டல் கையொப்பத்தை. அந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்பதை ஃபிரெட் மெக்லேன் என்ற அமெரிக்க நிரலாளர் 1996-லேயே காட்டிவிட்டார். ‘எக்ஸ்ப்ளோடர்’ என்று பெயரிட்டு ஒரு நிரல் எழுதினார். பக்கத்தைத் திறந்தால் விண்டோஸ் 95 கணினி தானாக அணைந்துவிடும். அதில் வெரிசைன் சான்றிதழுடன் முறையான கையொப்பமும் இருந்தது! எழுதியவர் யார் என்பதைத்தான் கையொப்பம் சொல்லும்; எழுதியது நல்லதா என்று சொல்லாது. 1997-இல் ஹாம்பர்க்கின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், இதே ஆக்டிவ்எக்ஸைக் கொண்டு கணக்கு மென்பொருளான குவிக்கனுக்குள் பணப்பரிமாற்ற ஆணையையே நுழைத்துக் காட்டியது.

இஓடியோ பெட்டி எழுப்பி எதையும் கேட்கவில்லை. ஆகவே அது சாது என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2006 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட எம்எஸ்06-002 அறிவிப்பு அந்த நினைப்பைக் கலைத்தது. வேண்டுமென்றே சிதைத்து அமைத்த ஃபான்ட் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் போதும், பார்ப்பவரின் கணினியை அடுத்தவர் கைப்பற்றிவிடலாம். பெட்டி இல்லை, யெஸ் இல்லை, எழுத்தே வாசல். 2009 ஜூலையிலும் 2010 ஜனவரியிலும் இஓடியில் மறுபடி ஓட்டைகள் வெளிவந்தன. அதே ஆண்டு ஜூனில்தான், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது. தமிழ்த் தளங்கள் யூனிகோடுக்கு மாறியதைப் பாதுகாப்பு நடவடிக்கையாக யாரும் எண்ணவில்லை. ஆனால் தமிழ் படிக்க இஓடி ஃபான்டை இறக்க வேண்டிய தேவை அதனால் குறைந்தது.

இடைப்பட்ட காலத்தில் ஃபயர்பாக்ஸுக்கு ‘பத்மா’ என்றொரு நீட்சி வந்தது. பழைய ஃபான்டில் இருக்கும் பக்கத்தை யூனிகோடாக மாற்றித் தரும், அருமையான கருவி. அப்படி மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் உள்ள எழுத்தையெல்லாம் அது படித்தாக வேண்டும். நல்லவர்கள் செய்ததால் கெடுதல் இல்லை; அதே உரிமை வேறு நீட்சிகளுக்கும் இருந்தது. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 அந்தப் பழைய பாணி நீட்சிகளையே ஒட்டுமொத்தமாக நிறுத்தியது.

இப்போது பிளக்-இன் இடம் மாறிவிட்டது. வாசகரின் கணினியில் அல்ல, தளத்தை நடத்துபவரின் சர்வரில், பெரும்பாலும் தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸுக்குள் இருக்கிறது. யெஸ் சொல்பவர் ஒருவர். விளைவு வருகிறவர் எல்லோருக்கும். ஏறத்தாழ 2 லட்சம் தளங்களில் இருந்த ‘டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்’ என்ற பிளக்-இன் 2017-இல் விலைக்குக் கைமாறியது. புதிய உரிமையாளர் அனுப்பிய அப்டேட்டில் தளத்துக்குள் விளம்பரக் குப்பையைத் திணிக்கும் பின்வாசல் இருந்தது. அப்டேட் செய்வதுதான் பாதுகாப்பு என்று சொல்லிக்கொடுத்தபடி செய்தவர்களே அகப்பட்டார்கள். 2020 செப்டம்பரில் சிக்கிய ‘ஃபைல் மேனேஜர்’ பிளக்-இன்னின் கதை வேறு. அதில் யாரும் ஏமாற்றவில்லை. உதாரணத்துக்காக வைத்திருந்த ஒரு கோப்பு இயங்கும் நிலையிலேயே தங்கிவிட்டது. அதன் வழியே யார் வேண்டுமானாலும் சர்வரில் கோப்பு ஏற்ற முடிந்தது.

ஆகவே பிளக்-இன்னைச் சோதிப்பவர்கள் நட்சத்திர மதிப்பெண்ணை இரண்டாம்பட்சமாக வைக்கிறார்கள். கடைசி அப்டேட் எப்போது, உரிமையாளர் மாறினாரா, வெளியே எந்த முகவரியோடு பேசுகிறது, வேலைக்குத் தேவையான அனுமதியை மட்டும்தான் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். ‘டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்’ வேர்ட்பிரஸ் பட்டியலிலிருந்து ஒருமுறைக்கு மேல் நீக்கப்பட்டது. பட்டியலில் நீக்கினால் ஏற்கெனவே நிறுவிய தளங்களிலிருந்து அது போய்விடாது. ஒவ்வொருவரும் உள்ளே நுழைந்து தாமே அழிக்க வேண்டும். ஊர்ப் பள்ளிக்கோ திருப்பணிக் குழுவுக்கோ தளம் செய்துகொடுத்த பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பான்; பாஸ்வேர்டும் அவனோடுதான் இருக்கும்.